மூளையில் கொழுப்புக் கட்டி: விட்டுவிடுவதா, கண்காணிப்பதா, எடுப்பதா?

தலைவலிக்காகவோ, வண்டியிலிருந்து விழுந்து அடிபட்டதற்காகவோ ஸ்கேன் எடுக்கிறார்கள். யாரும் தேடாத ஒன்று அதில் கண்ணில் படுகிறது. அறிக்கையின் கடைசி வரிகளில் 'லிப்போமா' என்று ஒரு சொல். அது 'மூளையில் கட்டி' என்று வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அன்றைக்கு அடுப்பு எரியாது. அதன்பிறகு எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எடுத்துவிடலாமா?

அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. அது உண்மையிலேயே கொழுப்புதானா? இப்போது இருக்கிற தொந்தரவு அதனால்தான் வருகிறதா? இவற்றுக்கு ஒழுங்காக விடை கிடைத்துவிட்டால், பெரும்பாலோருக்கு மூன்றாவது கேள்வியைக் கேட்கும் தேவையே இராது.

கட்டி என்ற பெயரே பாதிப் பிழை

முதுகிலும் கையிலும் தோலுக்கடியில் வருகிற கொழுப்புக் கட்டியோடு இதைச் சேர்த்துப் பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. இரண்டிலும் இருப்பது கொழுப்புத் திசுதான். ஆனால் பிறப்பு வேறு. கருவில் மூளையைச் சுற்றி 'மெனின்க்ஸ் பிரிமிடிவா' என்ற இளந்திசு ஒன்று இருக்கும். ஏறத்தாழ 8 முதல் 10-ஆவது வாரத்துக்குள் அது கரைந்து, மூளை நீர் நிற்கும் இடைவெளிகளாக மாறிவிட வேண்டும். ஓரிடத்தில் கரையாமல் தங்கிக் கொழுப்பாக முதிர்ந்தால், அதுதான் லிப்போமா. ட்ரூவிட், பார்கோவிச் என்ற இரு கதிரியக்க மருத்துவர்கள் 1990-இல் எம்ஆர்ஐ படங்களைக் கொண்டு முன்வைத்த இந்த விளக்கத்தைத்தான் இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள்.

முடிவெடுக்க உதவும் மூன்று செய்திகள் இந்த விளக்கத்திலேயே இருக்கின்றன. ஒன்று, இது பிறவியிலேயே வந்தது. நாற்பது வயதில் கண்ணில் பட்டால், நாற்பது ஆண்டும் அங்கேதான் இருந்திருக்கிறது. இரண்டு, இது புற்றுநோயாக மாறும் இனமல்ல. மூன்று, நீர் இடைவெளி உருவாக வேண்டிய இடத்தில் தங்கிய திசு என்பதால், அந்த இடைவெளியில் ஓட வேண்டிய ரத்தக்குழாய்களும் நரம்புகளும் இதைச் சுற்றிப் போகாமல் இதன் ஊடாகவே போகின்றன. அறுவை சிகிச்சையின் தலையெழுத்தை நிர்ணயிப்பது இந்த மூன்றாவது செய்திதான். அதற்குப் பின்னால் வருவோம்.

போகிற போக்கில் ஒன்று: எண்ணெயைக் குறைத்தால், எடையைக் குறைத்தால், கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டால் இது கரையுமா என்று கேட்காதவர்கள் குறைவு. கரையாது. ரத்தத்தில் ஓடும் கொழுப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை.

முதல் முடிவு: சிடி போதுமா, எம்ஆர்ஐ வேண்டுமா?

இந்தக் கட்டத்தில் ஒழுங்காக நடந்துகொண்டால் பின்னால் வரும் அலைச்சலில் பாதி மிச்சம்.

சிடியின் பலம் எண். ஒவ்வொரு புள்ளியின் அடர்த்தியையும் அது ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் தந்துவிடும். தண்ணீர் 0, காற்று −1000, புது ரத்தம் ஏறக்குறைய +50 முதல் +70, லிப்போமா −50 முதல் −100. எண் தெளிவாக −60க்குக் கீழே நின்று, உள்ளே முழுக்க ஒரே சீராகவும் இருந்தால், அது ரத்தமா கொழுப்பா என்ற கேள்வி அங்கேயே முடிந்தது. ஆனால் அந்த எண்ணை எடுக்கும் விதத்தில் தவறு நடப்பதுண்டு. 3 மி.மீ. அளவுள்ள ஒன்றை 5 மி.மீ. தடிமனான வெட்டில் அளந்தால், பக்கத்திலுள்ள நீரும் மூளைத் திசுவும் கலந்து எண் −20 என்று வந்து நிற்கும். 'கொழுப்பா, தெரியவில்லை' என்று அறிக்கை குழம்பும். மெல்லிய வெட்டுகளில், 1 மி.மீ. அளவில், நட்ட நடுவே சின்ன வட்டம் போட்டு அளக்கச் சொல்ல வேண்டும். படம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்பதால் மறு ஸ்கேன் தேவையில்லை. மூலத் தரவு மையத்துக் கணினியில் இருக்கிறவரை மறுபடி வெட்டி அளக்கலாம்.

இன்னொரு சிக்கல் திரையின் அமைப்பில் இருக்கிறது. மூளையைப் பார்க்க வழக்கமாக வைக்கும் சாளரம் அகலம் 80, நடு 40. அதாவது 0 முதல் 80 வரைதான் சாம்பல் நிறப் படிகள். 0க்குக் கீழே எல்லாம் ஒரே கறுப்பு. நீர், கொழுப்பு, காற்று மூன்றும் அந்தப் படத்தில் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியும். அடிபட்டவருக்கு எடுத்த சிடியில் லிப்போமாவைப் பார்த்து 'மண்டைக்குள் காற்று புகுந்திருக்கிறது' என்று எழுதிவிடுவதும், நீர் இடைவெளிக்குள் இருக்கும் சின்ன லிப்போமாவை முற்றிலும் தவற விடுவதும் இதனால்தான். சாளரத்தை 350 அல்லது 400க்கு அகட்டினால் மூன்றும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். பத்து நொடி வேலை.

எம்ஆர்ஐயின் பலம் வேறு. எந்த நரம்பு எதன் ஊடாகப் போகிறது, இரு பாதி மூளையையும் இணைக்கும் பாலமான கார்ப்பஸ் கலோசம் முழுமையாக இருக்கிறதா, நீர்ப்பாதை திறந்திருக்கிறதா என்பதை அதுதான் காட்டும். எம்ஆர்ஐ எடுக்கும் பல வகைப் படங்களில் ஒன்றான டி1 படத்தில் லிப்போமா வெள்ளையாக ஒளிரும். வெள்ளையாக ஒளிர்பவை இன்னும் பல உண்டு: சில நாள் பழைய ரத்தம், புரதம் நிறைந்த நீர்க்கட்டி, உறைந்த ரத்தக்குழாய் வீக்கம். அதனால் கொழுப்பின் ஒளியை மட்டும் அணைத்து எடுக்கும் படத் தொடர் ஒன்று கட்டாயம் வேண்டும். வெள்ளையாக இருந்தது அதில் கறுத்துப் போனால் கொழுப்பு. இங்கே ஒரு நுணுக்கம்: 'ஸ்டிர்' என்ற முறை கொழுப்பை மட்டும் அணைப்பதில்லை, கொழுப்பைப் போன்ற டி1 நேரம் (காந்தத் தூண்டலிலிருந்து திசு மீளும் நேரம்) உள்ள எதையும், பழைய ரத்தத்தையும்கூட, அணைத்துவிடும். கொழுப்பின் அதிர்வெண்ணையே குறிபார்த்து அணைக்கும் முறைதான் இதற்கு ஏற்றது. அதன் பெயர் அறிக்கையில் 'ஃபேட் சாச்சுரேஷன்' என்று வரும்.

சில திசுக்களைப் படத்தில் ஒளிரவைக்கும் கான்ட்ராஸ்ட் ஊசி விஷயத்தில்தான் பெரிய விபத்துகள் நடக்கின்றன. காது நரம்புப் பகுதியைப் பார்க்கும்போது, ஊசி போடும் முன் டி1 படம் எடுக்காமல், ஊசி போட்ட பின் மட்டும் எடுத்தால், இயல்பிலேயே வெள்ளையான லிப்போமா 'மருந்தை உறிஞ்சி ஒளிரும் கட்டி' போலத் தோன்றும். அந்த இடத்தில் அப்படி ஒளிர்வது பெரும்பாலும் வெஸ்டிபுலர் ஷ்வானோமா, அதாவது காது நரம்பின் உறையில் வளரும் கட்டி. பெயர் மாறினால் சிகிச்சையும் மாறும். ஷ்வானோமா என்றால் கதிர்வீச்சு அல்லது அறுவை என்று பேச்சு ஓடும். லிப்போமாவுக்கு அவை இரண்டுமே தேவையில்லாமல் இருக்கலாம். ஊசிக்கு முன் ஒரு டி1, கொழுப்பை அணைத்து இன்னொரு டி1: இந்த இரண்டும் இருக்கின்றனவா என்று அறிக்கையில் பாருங்கள். இல்லையென்றால், அறுவைத் தேதி குறிக்கும் முன் அந்த இரண்டை மட்டும் எடுக்கக் கேளுங்கள்.

நம் கருத்து: சிடியில் எண் தெளிவு, இடம் வழக்கமானது, தொந்தரவு எதுவும் இல்லை என்றாலும், பெரியவர்களுக்கு ஒரே ஒரு முறை ஊசி இல்லாத எம்ஆர்ஐ எடுத்துவைப்பது நியாயம். லிப்போமாவைப் பார்ப்பதைவிட, அதோடு சேர்ந்து வரும் பிறவிக் குறைகளைப் பார்ப்பதற்குத்தான் அது வேண்டும். முதல் படமே கொழுப்பு அணைத்த தொடரோடு கூடிய எம்ஆர்ஐ என்றால், உறுதி செய்ய என்று சிடி எடுக்கத் தேவையில்லை. தலை சிடி ஒன்றுக்குக் கதிர்வீச்சு ஏறத்தாழ 2 மில்லிசீவர்ட். பெரியவருக்கு அது பெரிய விஷயமில்லை, சின்னக் குழந்தைக்குக் காரணமில்லாமல் கொடுக்கக் கூடாது. அதே குழந்தையை எம்ஆர்ஐக்குள் அரைமணி நேரம் அசையாமல் படுக்கவைக்க மயக்கம் தர வேண்டிவரும். அதுவும் சும்மா வருவதல்ல. தொந்தரவில்லாத குழந்தைக்கு, தானே அசையாமல் படுக்கும் வயது வரும்வரை எம்ஆர்ஐயைத் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை.

லிப்போமா போலத் தெரிந்து லிப்போமா அல்லாதது

கருவில் தோல் திசு உள்ளே சிக்கி உருவாகும் டெர்மாய்டு நீர்க்கட்டிதான் இதில் உண்மையான எதிராளி. அதிலும் கொழுப்பு உண்டு. சிடியில் எண் எதிர்மறையாக வரும். எம்ஆர்ஐயில் வெள்ளை, கொழுப்பை அணைத்தால் கறுப்பு. ஆக, கொழுப்பு அணைக்கும் தொடரால் இவை இரண்டையும் பிரிக்க முடியாது. நடத்தையை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். லிப்போமா சீராக இருக்கும். நரம்பும் ரத்தக்குழாயும் அதன் ஊடே ஓடும். டெர்மாய்டு உள்ளே கலவையாக இருக்கும். பக்கத்தில் இருப்பதைத் தள்ளிக்கொண்டு வளரும். மூளையின் நீர் இடைவெளிகளில் அங்கங்கே கொழுப்புத் துளிகள் சிதறிக் கிடந்தால் டெர்மாய்டு உடைந்திருக்கிறது என்று பொருள். அது ரசாயன மூளைக்காய்ச்சலை, அதாவது கிருமியில்லாமல் சிதறிய பொருளால் வரும் அழற்சியை, உண்டாக்கும். அறுவை சிகிச்சை மருத்துவரை உடனே பார்க்க வேண்டிய நிலை.

மற்றொன்று முழுக்கத் தவறான எச்சரிக்கை. மூளையின் நடுச் சவ்வான ஃபால்க்ஸ் சிலருக்கு எலும்பாக மாறி, அதற்குள் மஜ்ஜைக் கொழுப்பு இருக்கும். அது நோயே அல்ல. அதேபோல டி1 அடிப்படையிலான ரத்தக்குழாய்ப் படங்களில் லிப்போமாவும் ஒளிர்வதால், ரத்தக்குழாய் வீக்கம் என்ற சந்தேகம் எழுவதுண்டு. ரத்தக்கசிவைத் தேட எடுக்கும் காந்த உணர்வுப் படத்தில் அதன் விளிம்பு கறுத்து, ரத்தக்கசிவு என்று எழுதப்படுவதும் உண்டு. எல்லாத் தொடர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தீர்ந்துவிடும் சிக்கல்கள் இவை.

ஊசி வழியே திசு எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: படம் தெளிவாக இருந்தால் தேவையில்லை. ஊடே ரத்தக்குழாய் ஓடும் ஒன்றில் ஊசி செலுத்துவது, கிடைக்கும் விடையைவிட அதிக ஆபத்து.

எங்கே இருக்கிறது என்பதே பாதி விடை

ஏறக்குறைய பாதி லிப்போமாக்கள் கார்ப்பஸ் கலோசத்தை ஒட்டியே இருக்கும். கால் பங்கு நடுமூளைக்குப் பின்னாலுள்ள நீர் இடைவெளியில், நான்கு சிறு மேடுகளை ஒட்டி. மீதி, கண் நரம்புச் சந்திப்புக்கு அருகிலும், காது நரம்பு மூளைத்தண்டில் நுழையும் கோணத்திலும், நெற்றிப்பொட்டுப் பக்கப் பிளவிலும். எல்லாம் சேர்த்தாலும் மூளைக்குள் காணப்படும் கட்டிகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் போவதில்லை.

கார்ப்பஸ் கலோசத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று பின்பக்கம் பட்டை போல வளைந்து கிடக்கும் மெல்லிய வகை. தடிமன் 1 செ.மீ.க்கும் குறைவு, பாலம் ஏறத்தாழ முழுமையாக இருக்கும், தொந்தரவு தருவது அரிது. இன்னொன்று முன்பக்கம் உருண்டு திரண்ட வகை; 2 செ.மீ.க்கு மேல், ஓரத்தில் சுண்ணாம்பு படிந்திருக்கும். பாலம் அரைகுறையாக இருப்பது, வலிப்பு, சில நேரம் மூக்கு, நெற்றி, உதடு ஆகியவற்றின் நடுக்கோட்டுக் குறைபாடுகள் இதோடு சேர்ந்து வரும். ஒரே பெயர், ஆனால் இரண்டு வேறு கதைகள். அறிக்கையில் வெறும் 'கார்ப்பஸ் கலோசம் லிப்போமா' என்று மட்டும் இருந்தால் எந்த வகை, பாலம் முழுமையா என்று கேட்டு எழுதி வாங்குவது பிழையல்ல.

கர்ப்ப காலத்தில் குழந்தைக்கு இது தெரிந்தாலும் இதே கணக்குதான். மூன்றாம் மும்மாத ஸ்கேனில் நடுக்கோட்டில் வெள்ளையாக ஒன்று தெரியும். குழந்தையின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது அந்தக் கொழுப்பல்ல. பாலமும் மூளையின் மற்ற பாகங்களும் எப்படி அமைந்திருக்கின்றன என்பதே. அதனால் கருவிலுள்ள குழந்தைக்கான எம்ஆர்ஐ எடுத்து அதைப் பார்த்த பிறகுதான் எதையும் பேச வேண்டும்.

இந்தத் தலைவலி இதனால்தானா?

பெரும்பாலும் இல்லை. பிறவியிலிருந்து அசையாமல் இருக்கும் ஒன்று, போன மாதம் தொடங்கிய தலைவலிக்குக் காரணமாக இருக்க வேண்டுமென்றால், இடையில் ஏதோ மாறியிருக்க வேண்டும். நீர்ப்பாதை அடைபட்டிருந்தால் அது படத்தில் தெரியும்: மூளையின் நீர் அறைகள் பெருத்திருக்கும். அறைகள் இயல்பாக இருந்தால், ஒற்றைத் தலைவலி, இறுக்கத் தலைவலி, கழுத்து வலி, அதிக மாத்திரையால் வரும் தலைவலி என்று வழக்கமான காரணங்களைத்தான் தேட வேண்டும். லிப்போமா கண்ணில் பட்டதாலேயே ஒற்றைத் தலைவலிக்கான சிகிச்சை நிறுத்தப்படுவது நடக்கிறது. அதுதான் நோயாளிக்கு உண்மையான நஷ்டம்.

தொடர்பு இருக்க வாய்ப்புள்ளவை இவை: நான்கு மேடுகளை ஒட்டிய லிப்போமாவோடு காலைத் தலைவலி, வாந்தி, கண்ணை மேலே உயர்த்த முடியாமை; காது நரம்புக் கோணத்தில் இருந்தால் அதே பக்கம் காது மந்தம், இரைச்சல், தலைசுற்றல், முகத்தில் மின்னல் போன்ற வலி, பாதி முகம் துடிப்பது; கார்ப்பஸ் கலோசத்தின் முன்வகையோடு வலிப்பு. பக்கமும் இடமும் பொருந்தவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். வலப்பக்க லிப்போமா இடக்காதை மந்தமாக்காது.

விட்டுவிடுவதும் கண்காணிப்பதும்

தொந்தரவில்லாதவருக்கு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தேர்வு. விட்டுவிடுவதன் நன்மை வெளிப்படை: செலவில்லை, அலைச்சலில்லை, வருடா வருடம் ஸ்கேன் தேதி நெருங்கும்போது வரும் தூக்கமின்மையும் இல்லை. குறை என்னவென்றால், முதல் படம் தவறாகப் படிக்கப்பட்டிருந்தால் அதைக் கண்டுபிடிக்க வாய்ப்பு போய்விடும்.

கண்காணிப்பின் நன்மை அந்த ஒரு பாதுகாப்புதான். 6 மாதம் முதல் 1 ஆண்டு கழித்து, அதே வகைக் கருவியில், ஊசி இல்லாமல் ஒரு எம்ஆர்ஐ. மாற்றமில்லை என்றால் அத்தோடு நிறுத்தலாம். வாழ்நாள் முழுக்க ஆண்டுக்கொரு ஸ்கேன் என்று எழுதிக்கொடுப்பதற்குக் காரணம் தெரியவில்லை. குழந்தைகளில் உடலோடு சேர்ந்து லிப்போமாவும் கொஞ்சம் பெருக்கலாம். அது நோய் வளர்வதல்ல. பெரியவர்களில் வளர்வது அரிது.

ஆனால் 'வளர்ந்துவிட்டது' என்று அறிக்கை சொல்வது அரிதல்ல. காரணம் பெரும்பாலும் அளவுகோல். எம்ஆர்ஐயில் கொழுப்பும் நீரும் சற்று வேறு அதிர்வெண்ணில் ஒலிக்கின்றன, 1.5 டெஸ்லா காந்த வலிமையுள்ள கருவியில் அந்த வேறுபாடு சுமார் 220 ஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் சுமார் 440. இதனால் கொழுப்பு படத்தில் ஒரு பக்கமாகச் சில புள்ளிகள் நகர்ந்து விழும். ஒரு ஓரம் வெள்ளைக் கோடாகவும் எதிர் ஓரம் கறுப்புக் கோடாகவும் தெரியும். போன முறை 1.5இல் எடுத்து இந்த முறை 3இல் எடுத்தால், அல்லது போன முறை சிடி, இந்த முறை எம்ஆர்ஐ என்றால், 1 மி.மீ. வேறுபாடு தானாகவே வரும். 6 மி.மீ. 7 ஆனதைப் பார்த்துப் பதறும் முன், இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து ஒரே ஆள் மறுபடி அளக்கட்டும்.

காது நரம்புக் கோணத்தில் இருப்பவர்களுக்கு ஸ்கேனைவிடப் பயனுள்ள கண்காணிப்பு ஒன்று உண்டு: கேட்டல் சோதனை. இப்போது ஒன்று எடுத்துவைத்து, ஆண்டுக்கொரு முறை அதே சோதனையைச் செய்தால், நரம்பு பாதிக்கப்படுகிறதா என்று படத்தைவிடத் தெளிவாகத் தெரியும், செலவும் குறைவு. நான்கு மேடுகளை ஒட்டி இருப்பவர்களுக்குக் கண் மருத்துவரிடம் விழித்திரைச் சோதனை. கண் நரம்புச் சந்திப்புக்கு அருகில் என்றால் பார்வைப் புலச் சோதனை, தேவைப்பட்டால் ஹார்மோன் சோதனை.

தொந்தரவுக்கு மருந்து

வலிப்பு வந்தால் வலிப்புக்கு மருந்து. இதை வேண்டா வெறுப்பாக ஏற்கும் இரண்டாம் தர வழி என்று நினைக்க வேண்டாம். லிப்போமாவோடு வரும் வலிப்புக்குக் காரணம் பெரும்பாலும் கொழுப்பின் அழுத்தமல்ல. சுற்றியுள்ள மூளைப் புறணி பிறவியிலேயே சரியாக அமையாததுதான். எனவே கட்டியை எடுத்தால் வலிப்பு நிற்கும் என்ற எதிர்பார்ப்புக்கு அடிப்படை குறைவு. லெவிடிரசிடம் நம் ஊரில் அதிகம் எழுதப்படுகிறது. பிற மருந்துகளோடு மோதாது, ஆனால் சிலருக்கு எரிச்சலும் கோபமும் தரும். வீட்டில் உள்ளவர்கள் அதைக் குணக்கேடு என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். சிறுநீரகம் பலவீனமானால் அளவைக் குறைக்க வேண்டும். வால்ப்ரோயேட் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு முடிந்தவரை தவிர்க்கப்பட வேண்டியது. கருவின் தண்டுவடத்தையும் பின்னாளைய அறிவு வளர்ச்சியையும் அது கெடுக்கும்.

முகத்தில் மின்னல் வலிக்குக் கார்பமசெபின். வழக்கமாக 100 மி.கி. இருவேளை என்று தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். தோலில் தடிப்பு வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்து தடுமாற்றம் வரலாம், அதைச் சோதிக்க வேண்டும். பாதி முகத் துடிப்புக்குப் போட்யூலினம் ஊசி 3, 4 மாதம் தாங்கும். திரும்பத் திரும்பப் போட வேண்டும் என்பது அதன் குறை. வருடத்துக்கு மூன்று, நான்கு முறை ஊசியா, முக நரம்பு பக்கத்தில் கத்தியா என்று கேட்டால், பெரும்பாலோர் முதலாவதைத்தான் தேர்வார்கள், சரியாகவே தேர்கிறார்கள்.

நீர் அடைப்பு: கட்டியைத் தொடாமல் வழி திறப்பது

லிப்போமா விஷயத்தில் அறுவை உறுதியாகத் தேவைப்படும் நிலை இதுதான். ஆனால் அறுவை கட்டியில் அல்ல. நான்கு மேடுகளை ஒட்டிய கொழுப்பு, அறைகளை இணைக்கும் மெல்லிய குழாயை நெருக்கினால் நீர் தேங்கும். நீருக்கு மாற்று வழி செய்துவிட்டால் போதும், கொழுப்பை அப்படியே விடலாம்.

வழிகள் இரண்டு. ஷன்ட் என்பது மூளை அறையிலிருந்து வால்வு வழியாக வயிற்றுக்குள் நீரை இறக்கும் ரப்பர் போன்ற சிலிக்கான் குழாய். எந்த வயதிலும் வைக்கலாம், எந்த வகை நீர்த்தேக்கத்துக்கும் வேலை செய்யும். ஆனால் அடைபடும், கிருமி தொற்றும். குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்கு முதல் ஆண்டுக்குள்ளேயே திருத்தம் தேவைப்படுகிறது. எண்டோஸ்கோப்பி வழியாக மூன்றாம் அறையின் தரையில் துளையிடுவது இரண்டாவது வழி. குழாய் இல்லை, தொற்றுப் பயம் குறைவு. அறைகளை இணைக்கும் இயற்கையான குழாய் அடைபட்டதால் வந்த நீர்த்தேக்கத்துக்கு மிகப் பொருத்தம். ஒரு வயதுக்குள்ளான குழந்தைகளில் வெற்றி குறைவு. துளை பல ஆண்டுகள் கழித்தும் மூடிக்கொள்ளலாம், சில நேரம் திடீரென்று. அதனால் 'ஆபரேஷன் முடிந்தது' என்று மறந்துவிடக் கூடாது. லிப்போமா அந்தத் தரைப் பகுதியிலேயே உட்கார்ந்திருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும், அப்போது ஷன்ட்தான்.

பெரியவர், குழாய் அடைப்பு தெளிவு, தரை சுத்தம் என்றால் துளையிடும் வழியை முதலில் கேளுங்கள். கைக்குழந்தை என்றால் ஷன்ட் பக்கம் தராசு சாய்கிறது.

கட்டியையே எடுப்பது

இப்போது அந்த மூன்றாவது செய்திக்கு வருவோம். கார்ப்பஸ் கலோசம் லிப்போமாவின் ஊடே முன்மூளைத் தமனிகள் ஓடுகின்றன. கால்களை அசைக்கும் மூளைப் பகுதிக்கு ரத்தம் தருபவை அவை. ஒன்றில் கீறல் விழுந்தால் கால் செயலிழக்கலாம். காது நரம்புக் கோணத்தில், கேட்டல் நரம்பும் முக நரம்பும் கொழுப்புக்குள் இழையிழையாகப் பிரிந்து கிடக்கும். கொழுப்பு மிருதுவாக இருந்தாலும், நார் இழைகள் அதை நரம்போடு தைத்ததுபோல் பிணைத்துவைத்திருக்கும்; உரித்தெடுக்க ஒரு தளமே கிடைக்காது. தோலுக்கடியிலுள்ள கொழுப்புக் கட்டி உறையோடு வழுக்கிக்கொண்டு வெளியே வருவதை நினைத்து இதை எண்ணக் கூடாது. முழுதாக எடுக்க முயன்ற பழைய அறுவைகளில் கேட்டல் இழப்பும் முகவாதமும் அடிக்கடி நேர்ந்ததால்தான் இன்றைய மருத்துவர்கள் கையை இழுத்துக்கொள்கிறார்கள். போதாததற்கு, மண்டையைத் திறந்த தழும்பே பின்னால் வலிப்புக்குக் காரணமாகலாம்.

அதனால் எடுப்பது நியாயமாகும் நிலைகள் சில மட்டுமே: மூளைத்தண்டு நெருக்கப்பட்டு நடை, விழுங்குதல், பார்வை படிப்படியாகக் கெடுவது, மருந்துக்கு அடங்காத முக வலி, டெர்மாய்டு அல்லது வேறொன்று என்ற சந்தேகம் படத்தால் தீராதது. அப்போதும் குறிக்கோள் முழுதாக எடுப்பதல்ல. நெருக்கத்தைத் தளர்த்தும் அளவு எடுத்து, நரம்போடு ஒட்டியதை அங்கேயே விட்டுவருவது. அறுவைக்கு முன் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: 'எவ்வளவை விட்டுவைப்பீர்கள்?' 'ஒன்றும் விடமாட்டேன்' என்ற பதில் வந்தால் இரண்டாவது கருத்துக்குப் போவது நல்லது. காமா கத்தி போன்ற கதிர்வீச்சுக்கு இதில் இடமில்லை. பிரிந்து பெருகாத முதிர்ந்த கொழுப்பை அது சுருக்காது.

காத்திருக்காமல் போக வேண்டியவை

எந்த வழியைத் தேர்ந்திருந்தாலும் இவை வந்தால் அன்றே மருத்துவமனை: காலையில் கூடும் தலைவலியோடு வாந்தி, பார்வை மங்குவது, இரண்டாகத் தெரிவது, மேலே பார்க்க முடியாமை, புதிதாக நடை தள்ளாடுவது, முதல்முறை வலிப்பு, ஒரு காதில் திடீர் மந்தம். கைக்குழந்தையின் தலை அளவு வேகமாகக் கூடினாலும், கண்கள் கீழ்நோக்கியே நின்றாலும் அதே அவசரம். 'வாழ்நாளிலேயே இப்படி வலித்ததில்லை' என்று நொடியில் உச்சத்துக்குப் போகும் தலைவலி லிப்போமாவின் வேலையல்ல; ரத்தக்குழாய் வெடித்திருக்கலாம், உடனே போங்கள்.

இவை எதுவும் இல்லாதவர் தலைக்குக் குளிக்கலாம், நீந்தலாம், விமானத்தில் போகலாம், உடற்பயிற்சி செய்யலாம். நீர்த்தேக்கம் இல்லையென்றால் இதன் பெயரால் சிசேரியன் தேவையில்லை. வலிப்பு வந்தவருக்கு மட்டும் வண்டி ஓட்டுவது, உயரத்தில் ஏறுவது, தனியாக நீந்துவது பற்றி மருத்துவர் சொல்லும் காலக்கெடு பொருந்தும்.

கடைசியாக ஒரு சில்லறை வேலை: ஃபிலிமை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். மூலத் தரவு அடங்கிய குறுவட்டையோ பதிவிறக்க இணைப்பையோ கேட்டு வாங்கி, பென் டிரைவில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேறு காரணத்துக்காக வேறு ஊரில் தலையை ஸ்கேன் செய்யும்போது, இதைப் புதுக் கட்டி என்று சொல்லத் தொடங்குவார்கள். பழைய படத்தை அவர்கள் திரையில் போட்டுக் காட்டினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.